உடம்புக்குள் ஓடும் பாலாறு: குடலில் ரத்தம் நின்றால் நுரையீரல் ஏன் கெடுகிறது?

"வவுத்துலதானடா ஆபரேஷன் பண்ணாங்க? நெஞ்சு எப்பிடிடா கெட்டுப்போச்சு?"

பெரியப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த சாயங்காலம், குடியாத்தம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு பெரியம்மா என்னிடம் கேட்ட கேள்வி இது. வீட்டில் மற்றவர்கள் அதற்குள் ஒரு பதிலுக்கு வந்துவிட்டிருந்தார்கள். ஐசியூவில் ஏதோ தப்பு நடந்துவிட்டது, குழாயைச் சரியாக வைக்கவில்லை, மறைக்கிறார்கள் என்று பேச்சு. நான் டாக்டர் இல்லை. மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறவன். செரிமான மண்டலம் ஒரு பாடம், சுவாசம் இன்னொரு பாடம் என்று வருஷா வருஷம் தனித்தனியாக நடத்தியிருக்கிறேன். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு நேர்வழி இருப்பதைப் பற்றி வகுப்பில் நான் பேசியதே இல்லை. பெரியம்மாவுக்குப் பதில் சொல்வதற்காகப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பெரியப்பாவுக்குச் சின்ன வயதில் வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வு சுருங்கிப் போயிருந்தது. நாடித்துடிப்பு ஒழுங்காக இருக்காது. ரத்தம் உறையாமல் இருக்க தினமும் அசிட்ரோம் மாத்திரை. மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்குப் போனால் ஒரு நாள் தறி வேலை போகிறது என்று ஒரு மாதமாக மாத்திரையை விட்டுவிட்டார். ஒரு ராத்திரி சாப்பிட்டு முடித்த கொஞ்ச நேரத்தில் தொப்புளைச் சுற்றிப் பொறுக்க முடியாத வலி. வாயு என்று ஓமத்தண்ணீர் கொடுத்தார்கள், சோடா கொடுத்தார்கள். காலையில் பக்கத்து கிளினிக்கில் வயிற்றை அமுக்கிப் பார்த்தார்கள். மெத்தென்று இருந்தது. ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். சாயங்காலம் வேறொரு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தபோது சிறுகுடலுக்குப் போகும் பெரிய தமனியில் ரத்தக்கட்டி. அன்று ராத்திரியே ஆபரேஷன். கட்டியை எடுத்தார்கள், கறுத்துப்போன ஐந்தடிக் குடலை வெட்டினார்கள். மறுநாள் கண் விழித்து எங்களிடம் பேசினார். மூன்றாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலும் வெள்ளையாக இருந்தன. வென்டிலேட்டர். ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

கடைமடை முதலில் காயும்

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் இதயம் நிமிடத்துக்குச் சுமார் ஐந்து லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, சில நேரம் நான்கில் ஒரு பங்கு, குடலும் அதைச் சேர்ந்த உறுப்புகளும் இருக்கும் வட்டாரத்துக்குப் போகிறது. சாப்பிட்ட பிறகு இன்னும் கூடும். உடம்புக்கு நெருக்கடி வரும்போது முதலில் கைவைக்கப்படுவதும் இந்தப் பங்கில்தான். ரத்தம் நிறைய கொட்டிப்போனாலும் சரி, டெங்குவில் ரத்த அழுத்தம் விழுந்தாலும் சரி, மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தத்தைக் காப்பாற்றுவதற்காகக் குடலின் நாளங்களை உடம்பே இறுக்கிவிடும். அழுத்தம் பழைய நிலைக்கு வந்த பிறகும் குடலுக்குப் போகும் ஓட்டம் கொஞ்ச நேரம் குறைந்தே இருக்கும்.

சிறுகுடலின் உட்சுவரில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளே படம் வரைவார்கள். ஒவ்வொரு உறிஞ்சிக்குள்ளும் ரத்தம் மேலே ஏறும் நாளமும் கீழே இறங்கும் நாளங்களும் ஒட்டி ஒட்டி ஓடுகின்றன. அதனால் ஏறும் ரத்தத்தில் உள்ள ஆக்ஸிஜனில் ஒரு பகுதி நுனியை அடைவதற்கு முன்பே பக்கத்து நாளத்துக்குக் கசிந்துவிடுகிறது. நல்ல நாளிலேயே நுனிக்குக் கிடைப்பது குறைவு. ஏரிப் பாசனம் பார்த்தவர்களுக்கு இது புரியும். மதகுக்குப் பக்கத்து வயல் நனைந்திருக்கும்போதே கடைமடை வாடத் தொடங்கிவிடும். ரத்த ஓட்டம் குறைந்தால் உறிஞ்சியின் நுனியில் இருக்கும் செல்கள்தான் முதலில் உதிர்கின்றன. தமனி முழுக்க அடைபட்டால் சில மணி நேரத்தில் குடல் சுவரின் முழுத் தடிமனும் செத்துவிடும். ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் குடலைக் காப்பாற்றுவது மிகவும் கடினம்.

அந்த உட்சுவர் ஒரே ஒரு செல் தடிமன் கொண்டது. மூன்றிலிருந்து ஐந்து நாளைக்கு ஒருமுறை முழுதும் புதுப்பிக்கப்படுவது. அதற்கு ஒரு பக்கம் கோடானுகோடி பாக்டீரியாவும் கணையத்திலிருந்து வந்த செரிமான நொதிகளும். மறுபக்கம் நம் ரத்தமும், திசுக்களிலிருந்து வடிந்து தனி நாளங்களில் ஓடும் நிணநீரும். புரதத்தைக் கரைக்கும் அந்த நொதிகள் நம்மையே கரைக்காமல் இருப்பதற்குக் காரணம் அந்த ஒற்றை வரிசைச் செல்களும் அவற்றின் மேல் படிந்த சளிப் படலமும்தான். நுனி உதிர்ந்தால் அந்த வேலி திறந்துகொள்கிறது.

ரத்தம் திரும்பும்போது நடப்பது

கட்டியை எடுத்து ரத்தம் மறுபடி ஓட ஆரம்பித்ததும் கண்டம் தாண்டியது என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். படித்துப் பார்த்தபோது என்னை உலுக்கியது இந்த இடம். பட்டினி கிடந்த திசுவுக்குள் ரத்தம் திரும்பும்போதே இரண்டாவது கேடு தொடங்குகிறது.

ஆக்ஸிஜன் இல்லாத நேரத்தில் செல் தன் ஆற்றல் சேமிப்பான ஏடிபியை உடைத்து உடைத்துச் செலவழிக்கிறது. கடைசியில் ஹைப்போஸான்தீன் என்ற பொருள் குவிந்து கிடக்கும். அதைச் சுத்தம் செய்கிற நொதி குடல் செல்களில் நிறைய உண்டு. ஆனால் ஆக்ஸிஜன் இல்லாத நேரத்தில் அந்த நொதியின் குணம் மாறி ஸான்தீன் ஆக்ஸிடேஸ் என்ற வடிவத்துக்கு வந்துவிடுகிறது. இந்த வடிவம் வேலை செய்ய ஆக்ஸிஜன் வேண்டும். வேலை செய்யும்போது சூப்பர் ஆக்ஸைடு போன்ற தீவிரமான ஆக்ஸிஜன் துகள்களைக் கக்கும். ரத்தம் திரும்பி ஆக்ஸிஜன் வந்த அந்த நிமிடத்தில், குவிந்திருந்த எல்லாமும் ஒரே நேரத்தில் எரிய ஆரம்பிக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் பூனைகளின் குடலில் நடந்த ஆய்வுகள் இந்த வேதியியலை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. அந்தத் துகள்கள் செல்லின் சவ்வைக் கிழிக்கின்றன, அழற்சியை ஏவும் வேதிப்பொருள்களைக் கிளப்பிவிடுகின்றன, வெள்ளணுக்களை அழைக்கின்றன.

2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்ததைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். வருஷக்கணக்கில் மணலாகக் கிடந்த ஆறு. தண்ணீர் வந்ததும் ஊரே பாலத்தின் மேல் நின்று கும்பிட்டது. ஆனால் முதலில் வந்த தண்ணீர், காய்ந்த நாளெல்லாம் ஆற்றில் சேர்ந்த அத்தனை கழிவையும் அடித்துக்கொண்டு வந்தது. தண்ணீர் வந்தது நல்லதுதான், வராமல் இருந்தால் ஊர் சாகும். ஆனாலும் அந்த முதல் தண்ணீர் எங்கே போய்ச் சேர்கிறதோ அந்த இடம் அழுக்காகத்தான் செய்யும்.

குடல் முறுக்கிக்கொண்டு ஒரு பகுதி அழுகிவிட்டால், அனுபவமுள்ள அறுவை மருத்துவர்கள் முறுக்கைப் பிரிக்காமலேயே அந்தப் பகுதியைக் கட்டி வெட்டி எடுப்பதுண்டு. பிரித்துவிட்டால் உள்ளே தேங்கியதெல்லாம் உடம்புக்குள் பாய்ந்துவிடும் என்பதுதான் அதன் நியாயம்.

சோதனைச் சாவடியும் பக்கத்து வழியும்

சரி, அந்த முதல் தண்ணீர் எங்கே போகிறது?

குடலிலிருந்து வெளியே வர இரண்டு பாதை உண்டு. ஒன்று கல்லீரல் போர்ட்டல் சிரை. குடலின் ரத்தம் முழுக்க இதன் வழியாகக் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே கூப்ஃபர் செல்கள் உட்கார்ந்து, வருகிற பாக்டீரியாவையும் நச்சையும் பிடித்து விழுங்குகின்றன. காட்பாடி தாண்டி சித்தூர் சாலையில் கிறிஸ்டியான்பேட்டை சோதனைச் சாவடி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு லாரியும் நின்றுதான் போக வேண்டும்.

வெகுகாலம் மருத்துவ ஆய்வாளர்கள் இந்தச் சாலையைத்தான் சந்தேகப்பட்டார்கள். அதிர்ச்சி நிலையில், அதாவது ரத்த அழுத்தம் விழுந்து உறுப்புகளுக்கு ரத்தம் போதாத நிலையில், குடலிலிருந்து பாக்டீரியா போர்ட்டல் ரத்தத்தில் கலந்து, கல்லீரலையும் மீறி, மற்ற உறுப்புகளைத் தாக்குகிறது என்பது அப்போதைய கருத்து. எலிகளில் அதற்கு ஆதாரமும் இருந்தது. அமெரிக்காவின் டென்வரில் எர்னஸ்ட் மூர் குழுவினர், பலத்த காயம்பட்ட 20 பேருக்குப் போர்ட்டல் சிரையிலேயே குழாய் வைத்து நாள்கணக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 1991-ல் வெளியான அந்த ஆய்வில் பாக்டீரியா ஏறக்குறைய கிடைக்கவே இல்லை. ஆனால் அவர்களில் சிலருக்கு உறுப்புகள் செயலிழந்தது உண்மை. சாவடி வழியாகச் சரக்கு போகவில்லை, ஊருக்குள் சரக்கு இருக்கிறது. அப்படியென்றால் வேறு வழி இருந்தாக வேண்டும்.

அந்த வேறு வழி 1622-லேயே கண்ணில் பட்டதுதான். இத்தாலியில் காஸ்பாரே அசெல்லி என்ற அறுவை மருத்துவர், கொஞ்ச நேரத்துக்கு முன் சாப்பிட்டிருந்த ஒரு நாயின் வயிற்றைத் திறந்தபோது, குடலைத் தாங்கும் சவ்வில் வெள்ளை வெள்ளையாக இழைகள் ஓடுவதைப் பார்த்தார். நரம்பு என்று நினைத்து ஒன்றை வெட்டினார். பால் போன்ற திரவம் வழிந்தது. குடலின் நிணநீர் நாளங்கள் அவை. சாப்பாட்டின் கொழுப்பைச் சுமப்பதால்தான் அந்த வெள்ளை நிறம். பால் நாளங்கள் என்றே அவற்றுக்குப் பெயர் வந்தது. பாலாற்றங்கரையில் வளர்ந்த எனக்கு அதைப் படித்தபோது ஒரு நிமிடம் புத்தகத்தை மூடி வைக்கத் தோன்றியது. நம் ஒவ்வொருவர் வயிற்றுக்குள்ளும் ஒரு பாலாறு ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த ஆறு கல்லீரலுக்குப் போவதில்லை. குடலின் நிணநீர் எல்லாம் திரண்டு, முதுகெலும்புக்கு முன்னால் மார்பு நிணநீர் நாளமாக மேலே ஏறி, இடது கழுத்தடியில் பெரிய சிரையில் கலக்கிறது. ஒரு நாளைக்கு ஒன்றரை முதல் இரண்டரை லிட்டர் வரை. சிரையில் கலந்தது இதயத்தின் வலது பக்கத்துக்குப் போகும். அங்கிருந்து நேராக நுரையீரலுக்கு. அதாவது குடலின் நிணநீர் சந்திக்கிற முதல் தந்துகி வலை, மயிரிழை போன்ற ரத்தநாளங்களின் வலை, நுரையீரல்தான். நடுவில் கல்லீரல் மாதிரி ஒரு சாவடி இல்லை.

நியூஜெர்சியில் எட்வின் டீச் குழுவினர் இதை நேரடியாகச் சோதித்தார்கள். எலிகளின் ரத்தத்தைக் குறைத்து அதிர்ச்சி நிலைக்குக் கொண்டுபோய், பிறகு மீட்டார்கள். சில எலிகளில் மட்டும் குடலின் நிணநீர் நாளத்தை முன்பே கட்டிவிட்டார்கள். நாளம் திறந்திருந்த எலிகளின் நுரையீரல் கெட்டது. கட்டப்பட்ட எலிகளின் நுரையீரல் பெருமளவு தப்பியது. அதிர்ச்சிக்குப் பிறகு எடுத்த நிணநீரை ரத்தநாளச் செல்களின் மேல் விட்டபோது அந்தச் செல்களின் இடைவெளி திறந்து கசிந்தது. அதே விலங்கின் போர்ட்டல் ரத்தம் அப்படிச் செய்யவில்லை. 1998-ல் இது வெளிவந்த பிறகு ஆராய்ச்சியின் திசையே மாறியது. அந்த நிணநீரில் இருப்பது பெரும்பாலும் பாக்டீரியாவும் அல்ல, அதன் நச்சும் அல்ல. சிதைந்த குடலிலிருந்து வந்த கொழுப்பு அமிலங்கள், கணைய நொதிகள் அரைத்துப்போட்ட புரதத் துண்டுகள், அழற்சிப் பொருள்கள். வெளியிலிருந்து வந்த பகை எதுவும் தேவைப்படவில்லை. நம் உடம்பின் சொந்தச் சிதிலமே போதுமாக இருந்தது.

நுரையீரலுக்குள்

நுரையீரலில் 30 கோடிக்கும் மேற்பட்ட காற்று நுண்ணறைகள் இருக்கின்றன. காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருக்கும் சுவர் ஒரு மைக்ரானைவிட மெல்லியது. உடம்பின் ரத்தம் முழுவதும் ஒவ்வொரு நிமிடமும் இந்த மெல்லிய சுவரை ஒட்டிப் போயாக வேண்டும். அங்கே இருக்கும் தந்துகிகள் பல இடங்களில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுவைவிடக் குறுகலானவை. சாதாரண நேரத்தில் நியூட்ரோஃபில் உடலை நீட்டி நெளிந்து கடந்துவிடும். குடலிலிருந்து வந்த பொருள்களால் உசுப்பப்பட்ட நியூட்ரோஃபில் விறைத்துப்போகும். நெளிய முடியாமல் தந்துகியில் சிக்கி, சுவரில் ஒட்டி, கிருமியைக் கொல்ல வைத்திருக்கும் நொதிகளையும் ஆக்ஸிஜன் துகள்களையும் அங்கேயே கொட்டிவிடும்.

சுவர் ஓட்டை விழுகிறது. ரத்தத்தின் திரவமும் புரதமும் நுண்ணறைக்குள் கசிகின்றன. நுண்ணறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் படலம் அந்தப் புரதத்தால் செயலிழக்கிறது. காற்று இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர் இருப்பதால்தான் எக்ஸ்ரேயில் வெள்ளை. இதய பலவீனத்தால் வரும் நீர்க்கோவை வேறு, இது வேறு. 1967-ல் டென்வரில் 12 நோயாளிகளை வைத்து ஆஷ்பா, பெட்டி முதலானோர் இந்த நிலையை முதன்முதலாக விவரித்தார்கள். அடிபட்டவர், நிமோனியா வந்தவர், கணையம் வீங்கியவர் என்று காரணம் வேறு வேறு, நுரையீரல் மட்டும் ஒரே மாதிரி கெட்டிருந்தது. ஏஆர்டிஎஸ் என்று கோவிட் காலத்தில் நாம் எல்லாரும் கேள்விப்பட்ட பெயர் அதுதான்.

மறுநாள் பேசியவருக்கு மூன்றாம் நாள் எப்படி மூச்சு முட்டியது? இதற்கு மூர் குழுவினர் வைத்த விளக்கம் எனக்குச் சரியாகப் படுகிறது. முதல் அடியில் நியூட்ரோஃபில்கள் உசுப்பப்பட்டுத் தயார் நிலைக்கு வருகின்றன, அதோடு நிற்கலாம். அந்த நேரத்தில் ஒரு தொற்றோ, இன்னொரு ஆபரேஷனோ, நிறைய ரத்தம் ஏற்றுவதோ இரண்டாவது அடியாக விழுந்தால் அவை மொத்தமாக வெடிக்கின்றன. பெரியப்பாவைப் போன்ற ஒரு நோயாளியின் நுரையீரலுக்கு அடி ஒரே பக்கத்திலிருந்து வருவதில்லை. குடலின் நிணநீர், ரத்தத் தொற்று, ஏற்றிய திரவம், படுத்தே கிடப்பது என எல்லாம் சேர்ந்துதான் விழுகிறது.

நம் ஊரிலேயே நடந்த வேலை

வட ஆற்காட்டுக்குக் குடலோடு பழைய உறவு உண்டு. 1960-களின் தொடக்கத்தில் இந்த மாவட்டத்துக் கிராமங்களில் ஸ்ப்ரூ என்ற குடல் நோய் கொள்ளைநோயாகப் பரவியது. தின்றது உடம்பில் ஒட்டாமல் வயிற்றுப்போக்கில் ஆள் கரைந்துபோகும் நோய். வேலூர் சிஎம்சியில் செல்வின் பேக்கரும் வி.ஐ. மத்தானும் அந்தக் கிராமங்களுக்கே போய் ஆய்வு செய்தார்கள். வெப்பமண்டலக் குடல் நோய்கள் பற்றி உலகம் படித்த பல செய்திகள் நம் ஊர்க்காரர்களின் வயிற்றிலிருந்து கிடைத்தவை.

அதே சிஎம்சியின் குடல் ஆய்வகத்தில் கே.ஏ. பாலசுப்பிரமணியன் குழுவினர் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எலிகளில் ஒரு விஷயத்தைப் பார்த்தார்கள். தமனியை அடைக்கவில்லை, குடலை வெட்டவும் இல்லை. ஆபரேஷனில் செய்வதுபோல வயிற்றைத் திறந்து குடலைக் கையால் தொட்டு நகர்த்தினார்கள், அவ்வளவுதான். அதற்கே குடலின் உட்சுவரில் ஆக்ஸிஜன் துகள்களின் சேதம் தெரிந்தது, தொலைவில் இருக்கும் நுரையீரலிலும் மாற்றம் தெரிந்தது. தொடுவதற்கே இப்படியென்றால், ஒரு நாள் முழுக்க ரத்தம் இல்லாமல் கிடந்த குடல் என்ன செய்யும் என்று பெரியம்மாவிடம் சொன்னபோது அவர் ரொம்ப நேரம் பேசவில்லை.

வெயிலும் இந்தக் கதையில் வருகிறது. மே மாதத்தில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டுவது நமக்குப் பழகிவிட்டது. உடம்பு தன்னைக் குளிர்விக்க ரத்தத்தைத் தோலுக்கு அனுப்பும். அந்த ரத்தம் குடலின் பங்கிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. வெயிலில் நெடுநேரம் வேலை செய்கிறவரின் குடலில் ரத்தம் குறைந்து, உட்சுவர் கசிந்து, பாக்டீரியாவின் நச்சு உள்ளே புகுவது வெப்பத்தாக்கு முற்றிப் பல உறுப்புகளைக் கெடுப்பதற்கு ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. கட்டட வேலைக்கும் செங்கல் சூளைக்கும் போகிறவர்களை நினைத்தால் எனக்கு மனசு பதறுகிறது.

இன்றைக்கு என்ன செய்ய முடியும்

நிணநீரின் வழியை மறித்து நுரையீரலைக் காக்கும் மருந்து இன்னும் மனிதர்களுக்கு வரவில்லை. எலியில் பலன் தந்த ஆக்ஸிஜனேற்றத் தடுப்பான்கள் நோயாளிகளின் உயிரைக் காப்பதாக நிறுவப்படவும் இல்லை. பலன் கண்டது வென்டிலேட்டரை நிதானமாகப் பயன்படுத்துவதில்தான். கெட்ட நுரையீரலுக்குள் காற்றை நிறைய அடித்தால் அது இன்னும் கிழியும். 2000-ல் அமெரிக்காவில் 861 பேரிடம் நடந்த ஆய்வில், உயரத்தை வைத்துக் கணக்கிட்ட எடையில் கிலோவுக்கு 12 மில்லிக்குப் பதில் 6 மில்லி காற்று ஒவ்வொரு மூச்சிலும் கொடுத்ததில் மரணம் 39.8 சதவீதத்திலிருந்து 31 ஆகக் குறைந்தது. கடுமையான நிலையில் நோயாளியைக் குப்புறப் படுக்க வைப்பது 28 நாள் மரணத்தை 32.8-லிருந்து 16 சதவீதமாக்கியதை 2013-ல் பிரெஞ்சு மருத்துவர்கள் தலைமையிலான ஆய்வு காட்டியது. வென்டிலேட்டர் வைத்ததால்தான் போனார் என்று எங்கள் வீட்டில் இன்னும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இந்த எண்களைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

அதைவிடப் பெரிய பலன் குடலில் ரத்தம் நின்ற நேரத்தைக் குறைப்பதில் இருக்கிறது. இந்த நோயில் ஆரம்ப மணி நேரங்களில் ஆள் வலியில் துடிப்பார், ஆனால் வயிறு தொட்டால் மிருதுவாக இருக்கும். அந்தப் பொருத்தமின்மையே அடையாளம். வயிறு கல்லாக இறுகும் நேரத்தில் குடல் செத்திருக்கும். திசுவுக்கு ஆக்ஸிஜன் போதாதபோது ரத்தத்தில் கூடும் லாக்டேட் என்ற பொருளின் அளவு சரியாக இருக்கிறது என்பதை வைத்தும் இதை ஒதுக்கிவிட முடியாது. ரத்தநாளங்களைக் காட்டும் சிடி ஸ்கேன்தான் பதில் சொல்லும்.

நம் பக்கத்தில் வாதக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்கள் இன்னும் நிறைய வீடுகளில் இருக்கிறார்கள். அப்படி ஒருவருக்குத் திடீரென்று தாங்க முடியாத வயிற்றுவலி வந்தால், ஓமத்தண்ணீருக்கு அடுப்பு பற்றவைக்கும் முன் வண்டிக்குச் சொல்லுங்கள். அவசரப் பிரிவில் நுழைந்ததும் வலியைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லுங்கள்: "இவருக்கு வால்வு கோளாறு, துடிப்பு ஒழுங்கா இருக்காது, உறையாம இருக்கிற மாத்திரை இத்தனை நாளா போடல."